புழு மேல வெள்ளை அரிசி ஒட்டியிருக்கா? மருந்து பாட்டிலைக் கீழே வைங்க!

குளவின்னாலே கதண்டு கொட்டி ஊரே ஓடின கதைதான் ஞாபகம் வரும், இல்லையா? ஆனா, நம்மைக் கொட்டாம, செடியைத் தின்னும் புழுக்களை மட்டும் குறிவைக்கிற குட்டிக் குளவிகளும் இருக்கு. பேரு, ஒட்டுண்ணிக் குளவிகள்.

முட்டையிலேயே கதை முடியும்

டிரைக்கோகிரம்மா என்ற குளவியின் நீளம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அந்துப்பூச்சி இட்ட முட்டைக்குள் இது தன் முட்டையை வைத்துவிடும். சில நாள்களில் அந்த முட்டை கறுத்துப்போகும். புழு வர வேண்டிய இடத்தில் குளவி வெளியே வரும்!

கரும்பைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவுக்கு எதிராக நம்ம ஊர் விவசாயிகள் இதைத்தான் இறக்குகிறார்கள். குளவி முட்டையிட்ட அந்துப்பூச்சி முட்டைகளை ஒட்டிய அட்டையை, இலையின் அடிப்பக்கத்தில் கட்டிவிடுவார்கள். ஏக்கருக்கு 1 சிசி அட்டை. நாலாவது மாதத்திலிருந்து 15 நாள் இடைவெளியில் 6 முறை. நேரம் முக்கியம். புழு பொரிந்து தண்டுக்குள் போய்விட்டால் இந்தக் குளவியால் ஒண்ணும் பண்ண முடியாது.

புழுவுக்குள்ளேயே குடித்தனம்

கொட்டீசியா குளவியின் ரூட்டே வேற. உயிரோடு இருக்கும் புழுவைக் குத்தி உள்ளே முட்டையிடும். கூடவே ஒரு வைரஸையும் செலுத்தும். அது புழுவின் எதிர்ப்பு சக்தியை முடக்கிவிடும். உள்ளே வளரும் குஞ்சுகள் ஒருநாள் தோலைத் துளைத்து வெளியே வந்து, அரிசி மாதிரி கூடு கட்டும். பலர் இதைப் புழுவோட முட்டைன்னு நினைச்சு நசுக்கிடுறாங்க.

நீங்க என்ன செய்யலாம்?

* கூடு ஒட்டிய புழுவை அப்படியே விடுங்க. அது இனி செடியைக் கடிக்காது; அந்தக் கூடுகளிலிருந்து புதுக் குளவிகள் வரும்.
* மத்த புழுக்களைக் கையால் பொறுக்கி எடுங்க.
* தொட்டியில் கொஞ்சம் கொத்தமல்லி, சோம்பைப் பூக்க விடுங்க. வளர்ந்த குளவிக்குத் தேன்தான் சாப்பாடு.
* புழுவைப் பார்த்ததுமே பூச்சிக்கொல்லி அடிக்காதீங்க. குளவியும் சேர்ந்து செத்துடும். அடுத்த தலைமுறைப் புழு வரும்போது தடுக்க யாரும் இருக்க மாட்டாங்க.

அடுத்த தடவை இலையில் ஓட்டை தெரிஞ்சா, முதல்ல இலையைத் திருப்பிப் பாருங்க. உங்க வேலையை வேற யாரோ ஏற்கெனவே ஆரம்பிச்சிருக்கலாம்!