எலான் காரின் நான்கு ரப்பர் வளையங்கள்

1962இல் லண்டன் மோட்டார் கண்காட்சிக்கு வந்த லோட்டஸ் எலானின் பின்சக்கரங்களுக்கு எஞ்சினின் விசையைக் கொண்டு சேர்த்தவை நான்கு ரப்பர் வளையங்கள். பக்கத்துக்கு இரண்டு. ஒன்று டிஃபரன்ஷியலை ஒட்டி, மற்றது சக்கரத்தை ஒட்டி. நடுவே குட்டையான ஓர் இரும்புத் தண்டு. இந்த ஏற்பாட்டைக் காசு மிச்சம் பிடித்த வேலை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் அடியில் படுத்தே பிழைப்பு நடத்தியவன் நான்.

சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது டிரைவ் ஷாஃப்டின் கோணம் மாறும்; நீளமும் கூடிக் குறைய வேண்டும். கோணத்துக்கு யுனிவர்சல் ஜாயின்ட் போதும். நீளத்துக்கு, ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பல் வெட்டிய தண்டு தேவை. ஆனால் எஞ்சின் முறுக்கும் நேரத்தில் அந்தப் பற்கள் இறுகிக்கொள்ளும், ஸ்பிரிங்கால் தன் போக்கில் அசைய முடியாது. ஜாகுவார் 1961இல் இ-டைப்பின் தண்டையே சஸ்பென்ஷனின் மேல் கையாக ஆக்கி இதைத் தாண்டியது. லோட்டஸின் காலின் சாப்மனும் ரான் ஹிக்மனும் எடுத்தது வேறு வழி: வளைவு, நீட்சி, முறுக்கின் அதிர்ச்சி மூன்றையும் ரப்பரிடமே விட்டார்கள். 700 கிலோகூட இல்லாத காருக்கு அது பொருந்தியது. எலான் சாலையில் அவ்வளவு மென்மையாக ஓடியதில் இந்த வளையங்களுக்கும் பங்குண்டு. அடுத்த ஆண்டே ஹில்மன் இம்ப்பும், பின்னர் ட்ரையம்ஃப் ஜிடி6உம் இவ்வகை வளையங்களுக்கு வந்தன.

கிளட்சை விட்டதும் ரப்பர் முறுக்கேறி, பிறகு விடுபடும். கார் முன்னும் பின்னும் குலுங்கும். புதிதாக ஓட்டுபவர்கள் கியர்பாக்ஸைச் சந்தேகிப்பார்கள். குலுக்கல் கொஞ்சம் இருப்பது இயல்பு. நாளுக்கு நாள் கூடினால் வளையம் தளர்கிறது என்று பொருள்.

வளையத்தில் ஆறு ரப்பர் துண்டுகள், இடையிடையே ஆறு இரும்புக் குழல்கள். மூன்று குழல்கள் ஒரு பக்கத்துக்கும் மூன்று மறுபக்கத்துக்கும் போல்ட் போடப்படும். முடுக்கும்போது மூன்று துண்டுகள் நசுங்கும், மற்ற மூன்று இழுபடும். நசுங்குவதை ரப்பர் தாங்கும்; இழுபடுவதுதான் அதைக் கொல்லும். அதனால்தான் புது வளையத்தை இரும்புப் பட்டியால் இறுக்கிக் கட்டி அனுப்புகிறார்கள். போல்ட்களை முடுக்கிய பிறகே பட்டியை வெட்ட வேண்டும். முன்பே வெட்டியவர் போல்ட் துளைகளைச் சேர்க்கப் படாத பாடு படுவார்.

மேற்பரப்பில் தெரியும் மெல்லிய வெடிப்புகள் பெரும்பாலும் வயதால் வந்தவை. பார்க்க வேண்டிய இடம் ரப்பரும் இரும்பும் ஒட்டும் விளிம்பு. பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, நியூட்ரலில் மெதுவாகச் சுற்றுங்கள். தண்டு சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு துண்டும் முறை வைத்து விரியும். பிளவு இருந்தால் வாய் திறக்கும். அங்கே விரல்நகம் நுழைந்தால் அந்தக் காரை நான் வெளியே விடமாட்டேன். வேகத்தில் வளையம் அறுந்தால் தண்டு சுழன்றடித்துப் பிரேக் குழாயையும் ஃபைபர் உடலையும் கிழிக்கும்.

1971இல் 126 குதிரைத்திறனோடு வந்த எலான் ஸ்பிரிண்டுக்கு, குறைவாக முறுக்கேறும் வளையங்கள் கொடுத்தார்கள். இன்று பலர் ரப்பரையே கழற்றிவிட்டு சிவி (மாறா வேக) ஜாயின்ட் தண்டு பூட்டுகிறார்கள். குலுக்கல் போய்விடும், உண்மைதான். ஆனால் ரப்பர் வாங்கிக்கொண்ட அதிர்ச்சி இப்போது நேராக டிஃபரன்ஷியலின் வெளித்தண்டுகளில் இறங்கும். ஆகவே அவற்றைக் கழற்றி, காந்தத் துகள் சோதனையில் விரிசல் பார்த்த பிறகே புதுத் தண்டைப் பூட்டுவேன்.