மணற்கடலைக் கடந்த வண்டிகள்

பாதையற்ற நிலத்தில் செல்லத்தக்க மோட்டார் வண்டி எது என்று உங்களைக் கேட்டால், நான்கு சக்கரங்களையும் எஞ்சின் சுழற்றும் வண்டியே என்று விடை கூறுவீர்கள். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். லிபியப் பாலைவனத்தின் வரலாற்றைப் படித்தபோதுதான் அவ்வெண்ணம் ஆட்டங்கண்டது.

எகிப்துக்கும் லிபியாவுக்கும் இடையே பெருமணற்கடல் என்றொரு பகுதி உண்டு. மணற்குன்றுகள் அலையலையாய் எழுந்து பல நூறு கிலோமீட்டர் நீண்டு கிடக்கும். மோட்டார் வண்டி அங்கே செல்லாது என்பதே அக்காலத்தார் பலருடைய துணிபு. ரால்ஃப் பாக்னோல்டு என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி அதனை ஒப்பவில்லை. 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் சாதாரண ஃபோர்டு கார்களுடன் அதனுள் நுழைந்தார்.

அவர் கையாண்ட வழிகள் வியக்கத்தக்க எளிமை உடையவை. டயரின் காற்றைக் குறைத்தார். டயர் தரையில் அகன்று படிந்தது; பாரம் பரவியது; சக்கரம் புதையவில்லை. ரேடியேட்டரில் கொதித்தெழும் ஆவியை வீணே போகவிடாமல், ஒரு குழாய் வழியே பக்கத்தில் கட்டிய தண்ணீர்த் தகரத்துக்குள் செலுத்தினார். அங்கே ஆவி குளிர்ந்து நீராயிற்று; எஞ்சின் ஆறியதும் அந்நீர் தானே திரும்ப உறிஞ்சப்பட்டது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிக் கூரைக்கென்று செய்த இரும்புத் தகடுகளைக் கெய்ரோவின் பழைய இரும்புக் கடையில் கண்டெடுத்து, புதைந்த சக்கரங்களின் கீழ் இட்டு வண்டியை மீட்டார். குன்றின் சரிவில் வேகத்தைக் குறைக்காமல் ஏற வேண்டும் என்பதையும் பட்டே அறிந்தார். தயங்கியவன் புதைந்தான்!

1940-இல் இத்தாலி போரில் இறங்கியது. லிபியாவிலிருந்த பெரும்படைக்கு எதிரே எகிப்தில் பிரிட்டிஷார் சிலரே இருந்தனர். பாக்னோல்டின் யோசனையைத் தளபதி வேவல் ஏற்று, ஆறே வாரத்தில் ஒரு பாலைவனப் படையை அமைக்கச் சொன்னார். அதற்குப் பாக்னோல்டு தேர்ந்தவை, பின்சக்கரங்கள் மட்டுமே உந்தும் செவர்லே லாரிகள்! கதவும் கூரையும் கழற்றப்பட்டன, வில்தகடுகள் வலுவாக்கப்பட்டன. 1941-இல் நாற்சக்கர உந்துதலுள்ள ஃபோர்டு லாரிகள் வந்தன. ஆனால் அவை எரிபொருளை மிகுதியாகக் குடித்தன. பெட்ரோல் தீர்ந்தால் நிரப்பிக்கொள்ள வழியில்லாத நாட்டில் இது சிறு குறை அன்று. 1942-இல் படை மீண்டும் செவர்லேக்கே திரும்பியது.

வண்டியை இழந்தால் நேர்வது என்ன? 1941 ஜனவரி 31 அன்று ஜெபல் ஷெரீஃப் என்னுமிடத்தில் எதிரிகள் தாக்க, சில லாரிகள் எரிந்தன. தப்பிய நால்வரிடம் ஒரே ஒரு தகரத் தண்ணீர் இருந்தது. அவர்களுள் மூர் என்பவருக்குக் காலில் காயம். சரணடைய மனமின்றி, தெற்கே சென்ற வண்டித் தடங்களைப் பற்றி நடந்தனர். பத்தாம் நாள் பிரெஞ்சுப் படையினர் மூரைக் கண்டபோது, அவர் ஏறத்தாழ 340 கிலோமீட்டர் கடந்திருந்தார். நால்வருள் ஒருவர் மீட்கப்பட்ட பின்னும் பிழைக்கவில்லை. மூர் அப்பொழுதும் நடந்துகொண்டேயிருந்தார்.