முன்னறி சோதனையும் அதன் உரைகல்லும்

நோயை முளையிலேயே கண்டறிந்தால் உயிரைக் காக்கலாம் என்பது யாவரும் ஒப்பும் கருத்து. ஆயின், புற்றுநோயில் அக்கருத்து எவ்விடத்தும் பொருந்துமா? யப்பானிய நாட்டின் அநுபவம் ஒன்று இவ்வினாவிற்கு விடை பகர்கின்றது.

நியூரோபிளாஸ்ரோமா என்பது குழந்தைகளின் பரிவு நரம்புத் தொகுதியில் தோன்றும் புற்றுநோய். இந்நோயுற்றோருட் பெரும்பாலோரின் சிறுநீரிற் சில இரசாயனப் பொருள்கள் மிகுந்து காணப்படும். இதனை அடிப்படையாகக் கொண்டு, ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதிக்கும் முறையைக் கியோத்தோ நகர வைத்தியர்கள் 1970களிற் தொடங்கினர். 1980களின் நடுப்பகுதியில் அது நாடெங்கும் பரவிற்று. நோய் காணப்பட்ட குழந்தைகளின் தொகை பெருகியது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பிழைத்தனர். வெற்றி கிட்டியதெனப் பலரும் மகிழ்ந்தனர்.

எனினும், இந்நோய்க் கட்டிகளுட் சில சிகிச்சையின்றித் தாமே மறைவன என்பதை வைத்தியர் அறிந்திருந்தனர். ஆகவே ஓர் ஐயம் எழுந்தது. பத்து நோயாளருள் ஐவர் இறப்பின், இறப்பு அரைப்பங்காகும். தீங்கற்ற கட்டியுடைய வேறு பதின்மரையும் சோதனை கண்டுபிடித்துச் சேர்ப்பின், இருபதின்மருள் ஐவர் இறந்தோராவர். இறப்புக் காற்பங்காகத் தோன்றும். ஆயினும் ஓருயிரேனும் காக்கப்படவில்லை! எனவே, பிழைத்தோர் வீதம் உண்மையை உணர்த்தும் அளவுகோலாகாது. குழந்தைகள் அனைவருள்ளும் இந்நோயால் இறந்தோர் தொகை குறைந்ததா என்பதே கேட்கத்தக்க வினா.

இவ்வினாவை இரு பெரும் ஆய்வுகள் எடுத்துக்கொண்டன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1989 முதல் 1994 வரை பிறந்த குழந்தைகள் மூன்று வாரத்திலும் ஆறு மாதத்திலும் சோதிக்கப்பட்டனர். ஜேர்மனியில் 1995 முதல் 2000 வரை, ஒரு வயதளவில், ஏறத்தாழ 15 இலட்சம் குழந்தைகள் சோதிக்கப்பட்டனர். இவ்விரு கூட்டத்தாரும் சோதனை நிகழாத பிரதேசங்களின் குழந்தைகளோடு ஒப்பிடப்பட்டனர். 2002இல் முடிவுகள் வெளிவந்தன: நோய் காணப்பட்டோர் தொகை மிகுந்தது, இறந்தோர் தொகையோ குறையவில்லை. தானே மறையக்கூடிய கட்டிக்காகச் சத்திரசிகிச்சைக்கும் கடும் மருந்துகளுக்கும் ஆளான குழந்தைகளும் இருந்தனர். யப்பானிய அரசு 2003இல் இச்சோதனைத் திட்டத்தை நிறுத்தத் தீர்மானித்தது.

இதனாற் சோதனைகள் யாவும் பயனற்றவை என்று கொள்ளற்க. 1963இல் நியூயோர்க்கில் ஏறத்தாழ 62,000 பெண்களை இரு கூறாக்கி, ஒரு கூற்றாருக்கு மார்பக எக்ஸ் கதிர்ப் படச் சோதனை அளிக்க முன்வந்தனர். அக்கூற்றாருள் மார்பகப் புற்றுநோயால் இறந்தோர் தொகை குறைந்தமை பின்னர் புலனாயிற்று. ஒரே உரைகல் ஒன்றை ஏற்றது, மற்றொன்றை விலக்கியது.

இரத்தத்திற் பல புற்றுநோய்களைத் தேடும் புதுமுறைகள் தோன்றியுள்ள இக்காலத்தில், எத்துணை நோய்களைக் கண்டன என்று வியப்பதோடு அமையாது, எத்துணை உயிர்களைக் காத்தன என்று வினவுதல் அறிவுடையோர் கடனாகும்.