திருப்பிக் கேட்க முடியாத கேள்விகள்

எங்கட பக்கத்தில முன்பின் தெரியாத ஒரு ஆள் முதலில் கேட்பது பெயரை அல்ல. "தம்பி எவடம்?" எண்டுதான் தொடங்குவார். புலோலி எண்டு சொன்னால் மேற்கோ கிழக்கோ எண்டு வரும். பிறகு எந்தக் கோயிலடி. கடைசியாக "ஆற்ற பிள்ளை?". பருத்தித்துறை பஸ் நிலையத்தில ஒரு பஸ் வெளிக்கிட முதல் இந்த நாலு கேள்வியும் முடிந்துவிடும். நாலாவதுக்குப் பதில் வந்தவுடன் கேட்டவருக்கு எதிரில் நிற்பவரின் சாதி தெரிந்துவிடும். ஒருத்தரும் அந்தச் சொல்லை வாயில் எடுத்திருக்க மாட்டினம். கேட்டவர் தன்னைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டார். "ஐயா, நீங்கள் ஆற்ற பிள்ளை?" எண்டு வயதில் குறைந்தவர் திருப்பிக் கேட்டால் அது மரியாதைக்கேடு.

இண்டைக்கு இன்ஸ்ரகிராமில "பேர் போடாமல் என்னட்ட எதையும் கேளுங்கோ" எண்டு லிங்க் போடுகிற பெடியன் பெட்டையளைப் பார்த்து, இது என்ன புதுப் பைத்தியம் எண்டு பெரியாக்கள் கேட்கினம். முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் சொந்த விசயம் கேட்பதும் பதில் சொல்வதும் புதுசு இல்லை. அதுக்கு நீண்ட வரலாறு இருக்கு. அந்த வரலாற்றை ஒரே ஒரு அளவுகோலால் பார்க்கலாம் எண்டு நினைக்கிறேன்: கேட்கப்பட்டவர் திருப்பிக் கேட்க முடிந்ததா?

கோப்பிக்கடைக்கு வந்த கேள்விகள்

1691இல் லண்டனில ஜோன் டன்டன் எண்ட புத்தக வியாபாரி 'எதீனியன் மேர்க்குரி' எண்ட தாளைத் தொடங்கினார். பேர் போடாமல் யாரும் எதையும் எழுதிக் கேட்கலாம். கேள்விகளை ஒரு கோப்பிக்கடை முகவரிக்கு அனுப்பினால் சரி. வேதாகமச் சந்தேகம், விஞ்ஞானம், காதல், கலியாணச் சிக்கல் எல்லாம் கலந்து வந்தன. பதில் சொன்னது 'எதீனியன் சங்கம்'. பெரிய அறிஞர் சபை எண்டு காட்டிக்கொண்டாலும், உண்மையில் டன்டனும் அவருடைய உறவினர்கள் ஓரிருவரும்தான் அந்தச் சங்கம். அதில ஒருவர் சாமுவேல் வெஸ்லி. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் தகப்பன். பருத்தித்துறையில் ஹாட்லிக் கல்லூரியையும் மெதடிஸ்த பெண்கள் உயர்தரப் பாடசாலையையும் உண்டாக்கிய மிஷனின் முன்னோர் வரிசையில், பேர் தெரியாதவர்களின் கேள்விக்குப் பேர் சொல்லாமல் பதில் எழுதிய ஒருவரும் இருந்திருக்கிறார்.

தமிழில் இந்த வேலையைப் பத்திரிகைகளின் கேள்வி பதில் பக்கங்கள் செய்தன. குமுதத்தின் 'அரசு பதில்கள்' இங்கேயும் விரும்பி வாசிக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது எங்கட சஞ்சிகைகளுக்கு இடம் பெருகியது. சிரித்திரனில் 'மகுடி' எண்ட பெயரில் பதில் சொன்னவர் அதன் ஆசிரியர் சி. சிவஞானசுந்தரம். எல்லாருக்கும் 'சுந்தர்'. பருத்தித்துறைக்குப் பக்கத்துக் கரவெட்டிக்காரர். 1963இல் கொழும்பில் தொடங்கிய சிரித்திரனைப் பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தவர். 1966இல் தொடங்கிய மல்லிகையில் டொமினிக் ஜீவா 'தூண்டில்' எண்ட பகுதியில் பதில் எழுதினார்.

இந்தப் பக்கங்களில் கேட்பவரின் பேரும் ஊரும் மட்டும்தான் இருக்கும். "எந்தக் கோயிலடி?" எண்டு அந்தப் பக்கத்தில ஒருத்தரும் கேட்க ஏலாது. ஜீவா யாழ்ப்பாண நகரத்தில் சலூன் நடத்தியவர், சாதி ஒடுக்குமுறையை நேரடியாக அனுபவித்தவர். "ஆற்ற பிள்ளை?" எண்டு கேட்டே ஆளை அளக்கிற ஒரு சமூகம், அதே ஆளிடம் இலக்கியத்தையும் அரசியலையும் வாழ்க்கையையும் பற்றிக் கேள்வி எழுதி அனுப்பிவிட்டு அடுத்த இதழுக்குக் காத்திருந்தது. இதைச் சின்ன விசயமாக நான் நினைக்கவில்லை. வாசகர் ஆசிரியரைப்பற்றியே கேட்கலாம். ஆசிரியர் பதில் சொல்லவேணும்.

இதைவிடச் சமமான வடிவம் பேனா நட்பு. பத்திரிகையில் பேர், வயது, முகவரி, பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு எண்டால் பெரும்பாலும் முத்திரை சேர்த்தல், வானொலி கேட்டல். முகம் தெரியாத ஒருவருக்கு வெறும் கேள்வியை மட்டும் எழுதி அனுப்ப முடியாது. "நான் இன்னார், எங்கட வீட்டில இத்தனை பேர்" எண்டு தன்னைச் சொன்ன பிறகுதான் "நீங்கள்?" எண்டு கேட்கலாம். கடிதத்தின் அமைப்பே கேட்பவரைப் பதில் சொல்ல வைத்தது. ஆனால் எல்லாருக்கும் இது திறந்த கதவு இல்லை. கடிதம் வீட்டுக்கு வரும். தகப்பனோ தமையனோ முதலில் உடைப்பார். பெட்டையள் சொந்த முகவரியைப் பத்திரிகையில் போடுவது லேசான காரியம் இல்லை.

காவலரணில் வயது, பேர், இடம்

பிறகு வந்த கேள்விகள் வேறு. "கொஹெத யன்னெ?" எங்க போறாய். பேர் என்ன, வயது என்ன, எவடம், அடையாள அட்டை எங்க. வடமராட்சியில் ஒரு முழுத் தலைமுறை முன்பின் தெரியாதவர்களிடமிருந்து கேட்ட சொந்தக் கேள்விகள் இவைதான். இதுக்கு விருப்பமான பதில், விருப்பமில்லாத பதில் எண்டு ஒன்றும் இல்லை. சரியான பதில், பிழையான பதில் மட்டும்தான். திருப்பிக் கேட்க நினைத்தவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

1987 மே மாதம் வடமராட்சியில் 'ஒப்பரேசன் லிபரேசன்' நடந்தபோது பெருந்தொகையான இளைஞர்கள் பிடிக்கப்பட்டு, பருத்தித்துறையிலிருந்து கப்பலில் ஏற்றிக் காலிக்குப் பக்கத்துப் பூசா முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எந்த ஊர், என்ன வயது எண்ட இரண்டு பதிலே ஒருவரைக் கப்பலில் ஏற்றப் போதுமாக இருந்தது.

'முகம் காட்டாத ஆள்' எண்ட சொல்லுக்கும் எங்கட ஊரில் தனிப் பொருள் இருக்கு. சுற்றிவளைப்பில் சனத்தை வரிசையில் நிறுத்துவார்கள். தலையில் சாக்கு மூடிய ஒருவர் இருப்பார். அவர் தலையை ஆட்டினால் முடிந்தது. 'தலையாட்டி' எண்டு சனம் பேர் வைத்தது. உங்களைப்பற்றிய கேள்விக்கு உங்களுக்குப் பதிலாக இன்னொருவர், முகம் மறைத்து, பதில் சொல்கிறார். அநாமதேயம் எண்டால் சுதந்திரம் எண்டு இணையத்தில் எழுதுகிறவர்கள் இந்தச் சாக்கையும் ஒருக்கால் நினைத்துப் பார்க்கவேணும்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது சனம் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தது. பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் தெரியாத வீடுகளிலும் தெரியாதவர்கள் ஒரே கூரைக்குக் கீழே படுத்தார்கள். "எவடம் நீங்கள்?" எண்ட கேள்வி அப்பவும் கேட்கப்பட்டது. சில இடத்தில அது அடைக்கலம். சில இடத்தில் எந்தக் கிணற்றில் அள்ளலாம் எண்டு பிரிக்கிற பழைய கேள்வி.

நெற் கஃபேயில் அதே மூன்று

வணிக இணையம் இலங்கைக்கு வந்தது 1995இல். அந்த வருசம் எங்களுக்கு மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் வானொலி கேட்டார்கள். 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் வந்து, ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. யாழ்ப்பாண நகரத்திலும் பிறகு சின்னப் பட்டினங்களிலும் நெற் கஃபேகள் வந்தன. அதோட யாகூ சற் வந்தது.

சற் அறையில் முதல் வரி உலகம் முழுக்க ஒன்றுதான்: 'ஏ எஸ் எல்'. வயது, ஆணா பெண்ணா, இடம். காவலரணில் கேட்டதும் கிட்டத்தட்ட இதேதான்! ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். 24, ஆண், ரொறொன்ரோ எண்டு ஒருவர் அடித்தால், உடனே 'நீங்கள்?' எண்டு திருப்பிக் கேட்கலாம். பொய் சொல்லலாம். பிடிக்காவிட்டால் யன்னலை மூடிவிட்டுப் போகலாம். பொய்ப் பதில் சொன்னால் உயிர் போகும் எண்டு வளர்ந்தவர்கள், பொய்ப் பதில் சொன்னால் ஒன்றும் நடக்காத ஒரு அறைக்குள் முதல்முறையாக இருந்தார்கள். பக்கத்துக் கதிரையில் இருக்கிறவன் திரையைப் பார்க்கிறானோ எண்ட பயம் மட்டும்தான் மிச்சம்.

யாகூவிலும் பால்ரோக்கிலும் இருந்த தமிழ் அறைகளில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருந்தவர்கள் ஊர்க் கதை கேட்டு வந்தார்கள். அங்கே பழைய பழக்கமும் திரும்பி வந்தது. 'சிலோனா? எவடம்? யாழ்ப்பாணமெண்டால் எந்தப் பக்கம்?' புனைபெயரில் வந்தவரையும் நாலாவது கேள்வி தேடிப்போனது. தொழில்நுட்பம் அழித்ததைச் சனம் கையால் திரும்ப எழுதியது. 2006 ஓகஸ்ட் 11 ஏ9 மூடப்பட்டதோட அந்த நாலு வருசமும் முடிந்தது. யாகூ தன் பொது அறைகளை 2012 டிசம்பரில் மூடியது.

கேட்பவர் இல்லாத கேள்வி

அடுத்த தலைமுறைச் சேவைகள் கேட்பவரை மறைத்து, பதில் சொல்பவரை வெளிச்சத்தில் நிறுத்தின. 2009இல் அமெரிக்காவில் போர்ம்ஸ்பிரிங், 2010இல் லற்வியாவில் ஆஸ்க் எப்எம். சவுதியில் ஒருவர் வேலைத்தளங்களில் உண்மையான கருத்தைச் சொல்ல எண்டு உருவாக்கிய சராஹா 2017இல் உலகம் முழுக்கப் பரவியது. மிரட்டலும் வசையும் பெருகி 2018 பெப்ரவரியில் அப்பிளும் கூகுளும் அதைத் தங்கட கடைகளிலிருந்து எடுத்தன. 2009இல் 18 வயதுப் பெடியன் ஒருவர் தொடங்கிய ஒமேகல் மட்டும் இரண்டு பேரையும் முகமில்லாமல் சந்திக்க வைத்தது. 11 வயதில் அதில் ஒரு துஷ்பிரயோகக்காரனிடம் மாட்டிய பெண் தொடுத்த வழக்கு இணக்கத்துக்கு வந்த பிறகு, 2023 நவம்பரில் அது மூடப்பட்டது.

இதில இரண்டு விசயம் என்னை யோசிக்க வைக்குது. ஒன்று, 2010இல் ஆய்வாளர் டானா பொய்ட் எழுதியது. போர்ம்ஸ்பிரிங்கில் தங்களை யாரோ திட்டிக் கேள்வி கேட்கிறார்கள் எண்டு முறையிட்ட சில பிள்ளைகளின் பக்கங்களைப் பார்த்தபோது, அந்தக் கேள்விகளைப் போட்டதும் அவர்களே. தன்னை யாரும் கேட்காத ஒரு பிள்ளை, வசையாகவாவது ஒரு கேள்வி வரட்டும் எண்டு தனக்குத்தானே எழுதியிருக்கு.

மற்றது, இண்டைக்கு எங்கட பிள்ளைகளின் ஸ்ரோரிகளிலும் காண்கிற என்ஜிஎல். 2024 ஜூலையில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு அந்த நிறுவனத்தோட 50 லட்சம் டொலர் இணக்கத்துக்கு வந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதைக் கொடுக்கத் தடையும் வந்தது. குற்றச்சாட்டுகளில் ஒன்று: நண்பர்கள் கேட்டதுபோல வந்த கேள்விகளில் பலதை நிறுவனமே உருவாக்கி அனுப்பியது. கேட்டது ஆர் எண்டு அறிய ஆசைப்பட்டால் வாரக் கட்டணம் கட்டவேணும். இங்கே திருப்பிக் கேட்க முடியாது எண்டது மட்டும் இல்லை, திருப்பிக் கேட்க அங்கே ஒரு ஆளே இல்லை.

மாறி மாறிச் சொல்வது

1997இல் நியூயோர்க்கில் ஆர்தர் ஆரன் எண்ட உளவியலாளரும் கூட்டாளிகளும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர், 36 கேள்விகள், 45 நிமிடம். கேள்விகள் லேசானதில் தொடங்கி ஆழமானதுக்குப் போகும். சும்மா ஊர்க்கதை கதைத்த சோடிகளைவிட இந்தச் சோடிகள் கனக்க நெருக்கமாக உணர்ந்தார்கள். இதை 'காதல் வரவைக்கும் 36 கேள்விகள்' எண்டு பத்திரிகைகள் பரப்பின. கேள்விப் பட்டியலைவிட முக்கியமானது அதன் விதி: ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பேரும் பதில் சொல்லவேணும். பேனா நண்பர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்ததும் அதுதான்.

அநாமதேயம் நல்லதோ கெட்டதோ எண்டு விவாதிக்கிறதால பெரிய பிரயோசனம் இல்லை. எங்கட ஊரில் அது சாதிக் கேள்வியிலிருந்து காப்பாற்றியும் இருக்கு, சாக்குக்குள் இருந்து ஆளைக் காட்டிக்கொடுத்தும் இருக்கு. ஒரு கேள்வி எங்களை மனிசராக நடத்துதோ எண்டு பார்க்க, "நீங்கள்?" எண்டு ஒருக்கால் திருப்பிக் கேட்டுப் பாருங்கோ. சண்டைக்கு இல்லை, மரியாதையாகவே. பஸ்ஸில "ஆற்ற பிள்ளை?" எண்டு கேட்கிற ஐயாவிடமும் கேட்கலாம்.

சிரித்திரன், மல்லிகை இதழ்கள் கனக்க நூலகம் இணையத்தளத்தில் இலவசமாக இருக்கு. அந்தக் கேள்வி பதில் பக்கங்களை மட்டும் எடுத்து வாசியுங்கோ. எங்கட தாத்தா பாட்டியின் தலைமுறை என்னத்தை வெளியில் கேட்கத் துணிந்தது எண்டு தெரியும். உங்கட வீட்டுப் பெட்டிக்குள்ள பேனா நட்புக் கடிதம் ஏதும் தப்பியிருந்தால் எறிய முதல் வீட்டில ஒருக்கால் கேளுங்கோ, ஆர் அந்த ஆள், எப்படிப் பழக்கம் எண்டு. அவையள் திருப்பிக் கேட்டால் நீங்களும் பதில் சொல்லவேணும்.