பெயர் இடம்பெறாத ஆய்வுக் கட்டுரை

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், கதர் அணிந்ததனால் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டமின்றிச் சான்றிதழே பெற்றார். அமெரிக்கா சென்றவர், 1925இல் ஃபிஸ்குடன் இணைந்து பாஸ்பரசை அளக்கும் முறையை வெளியிட்டார். பின்னர் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் உருவானது அமினோப்டெரின். அம்மருந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைச் சிறிது காலம் தணித்ததென 1948 ஜூனில் ஃபார்பர் குழுவினர் எழுதினர். அக்கட்டுரையாசிரியர் வரிசையில் சுப்பாராவ் பெயர் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் மறைந்தார். நச்சுத்தன்மை மிகுந்த அம்மருந்துக்கு மாற்றாக, அதே கூடத்தில் பிறந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் உயிர்களைக் காக்கின்றது. உழைப்பு நமதாகவும் பெயர் பிறரதாகவும் இருந்த நிலையை நம் முன்னோர் நன்கறிவர். வத்திராயிருப்பு இளைஞர்களே! கற்போம், ஆய்வோம், ஆய்ந்ததை நம் பெயரிலேயே அச்சேற்றுவோம்.