மூன்றாவது பிரதி

போன வாரம் கடற்கரையில் நடக்கும்போது பழைய நண்பர் ஒருவர் கேட்டார்: "என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நெட் கிடையாது. அதில் இருக்கும் போட்டோ, குடும்பப் பத்திரம் எல்லாவற்றுக்கும் பேக்அப் எப்படி எடுப்பது?" இரண்டு வரியில் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். பேச்சு 1776-க்குப் போய்விட்டது. நண்பர் பொறுமைசாலி. நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1972-ல் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அந்தப் படிப்பு ஒன்றுக்குத்தான் உதவியது. பழைய 'எத்தா சிவில்' பதிவேடுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் அலுவலகத்தில் குறைந்துகொண்டே வந்தார்கள். அதனால் பிறப்பு, திருமணம், இறப்பு நகல் கேட்டு யார் வந்தாலும் "பிரெஞ்சு சார்கிட்டப் போங்க" என்று என் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள்.

2003-ல் எங்கள் பிரிவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி, அதிலும் 'ஹோம்' வகை. இணைய இணைப்பு கிடையாது. பதிவேடுகளுக்குப் பெயர் அகராதி தயாரிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். உங்களுக்குத் தெரியும், நம் ஊரில் சின்னசாமி என்ற பெயரை ஒரு பிரெஞ்சு காலத்து எழுத்தர் 'எஸ்' எழுத்தில் தொடங்கி எழுதியிருப்பார். அதே மனிதரின் பிள்ளைக்கு ஆங்கில வழிப் பள்ளிக்கூடத்தில் 'சி எச்' போட்டிருப்பார்கள். அப்பன் ஒரு எழுத்து, பிள்ளை ஒரு எழுத்து. இரண்டையும் இணைத்துக் காட்டுவதுதான் என் அகராதி. தினமும் நாற்பது, ஐம்பது பெயர் என்று பதினோரு மாதம் தட்டச்சு செய்தேன்.

பேக்அப் வேண்டும் என்று தோன்றி, கம்ப்யூட்டர் பார்க்க வரும் பையனிடம் சொன்னேன். அவன் மெனுவில் தேடிவிட்டு, "இதுல அந்த புரோகிராமே இல்ல சார். நெட்ல இருந்து இறக்கணும்" என்றான். நெட்டுக்கு எங்கே போவது? சாயங்காலம் எல்லோரும் போன பிறகு விண்டோஸ் குறுந்தகட்டைப் போட்டு ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்த்தேன். 'வேல்யூ ஆட்' என்று ஒன்று, அதற்குள் 'எம்எஸ்எஃப்டி', அதற்குள் 'என்டி பேக்அப்'. ஹோம் வகையில் அது தானாக நிறுவப்படாது, குறுந்தகட்டிலேயே வைத்திருப்பார்கள். இரண்டு முறை சொடுக்கினேன், நிறுவிக்கொண்டது. மறுநாள் காலை எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

நேரம் குறித்து வைத்தால் தானே பேக்அப் எடுக்கும் என்றார்கள். இரவு எட்டு மணி என்று வைத்தேன். ஐந்தே முக்காலுக்கு நாமே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறோம் என்பது மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது. மதியம் ஒன்றரைக்கு மாற்றினேன். அப்போதும் ஓடவில்லை. கடவுச்சொல் இல்லாத கணக்கில், குறித்து வைத்த வேலை ஓடாது. கடவுச்சொல் போட்டேன். பிறகு தினமும் சாப்பிட்டுவிட்டு வரும்போது புது பேக்அப் கோப்பு 'டி' டிரைவில் உட்கார்ந்திருக்கும்.

2004-ல் ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, கம்ப்யூட்டர் கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. "ஹார்ட் டிஸ்க் போச்சு சார்" என்றான் பையன். "பரவாயில்லை தம்பி, டியில் இருக்கு" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. 'சி', 'டி' என்று எழுத்து இரண்டு. உள்ளே இருப்பது ஒரே தட்டு. ஒரே பீரோவின் இரண்டு இழுப்பறை. பீரோவே எரிந்தால் எந்த இழுப்பறையில் இருந்தால் என்ன?

பிரெஞ்சுச் சரித்திரம் படித்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? நெப்போலியன் சட்டப்படி ஒவ்வொரு பதிவேட்டிலும் இரண்டு மூலப் பிரதிகள். வருடக் கடைசியில் ஒன்று ஊராட்சிக்கு, மற்றது நீதிமன்றத்துக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாரீசில் பழைய பதிவேடுகளின் ஒரு பிரதி நகர மண்டபத்திலும் மற்றது நீதி மாளிகையிலும் இருந்தன. 1871 மே 24 அன்று, கம்யூன் கிளர்ச்சியின் கடைசி வாரத்தில், இரண்டு கட்டடங்களும் தீப்பிடித்தன. 1860-க்கு முந்தைய பாரீஸ்காரர்களின் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் சாம்பல். பிறகு குடும்பங்களிடமிருந்த காகிதங்களையும் தேவாலயப் பதிவுகளையும் வைத்துப் பல வருடம் உழைத்து மூன்றில் ஒரு பங்கைத்தான் மீட்டார்கள்.

பாரீசுக்கு இல்லாத பாதுகாப்பு நம் ஊருக்கு இருந்தது. 1776 ஜூனில் 16-ஆம் லூயி மன்னர் ஓர் ஆணை போட்டார். குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்கு இன்னொரு பிரதி எழுதி வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும் என்பது அந்த ஆணை. காரணம் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்புக்காற்று, கரையான், போர். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து ஊரையே தரைமட்டமாக்கியிருந்தார்கள். ஆணை வந்த இரண்டாம் வருடம், 1778-ல், மறுபடியும் பிடித்தார்கள். 1793-ல் மீண்டும். அத்தனைக்கும் நடுவில் ஏதோ ஒரு குமாஸ்தா மூன்றாவது பிரதியை இறகுப்பேனாவால் எழுதிக் கப்பலேற்றிக்கொண்டிருந்தான். அவை இன்று எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

நம் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பும் அப்படித்தான். 1846-ல் கலுவா மொம்பிரேன் அதைக் கண்டெடுத்துப் படியெடுக்க வைத்தார். பின்னால் மூல ஏடுகளில் சில காணாமல் போயின. படிகள் நின்றன.

என் கதைக்கு வருகிறேன். டிஸ்க் போன அடுத்த வாரம் ஒரு ஆயா வந்தார். புருஷன் சொல்தா. அவர் காலமாகி, குடும்ப பென்ஷனுக்கு அவருடைய பிறப்புப் பதிவு நகல் வேண்டும். "தம்பி, முந்தி வந்தப்ப பொட்டியில பேரு இருக்குன்னு காட்டினீங்களே" என்றார். காட்டியது உண்மை. எந்த வருடம், எந்த எழுத்து என்று எழுதி வைக்காமல் விட்டது நான். "மெஷின் கெட்டுப்போச்சு ஆயா, அடுத்த வாரம் வாங்க" என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். வில்லியனூரிலிருந்து பஸ் ஏறி மூன்று முறை வந்தார். கோபித்துக்கொள்ளவே இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி நான்காவது வாரம் கண்டுபிடித்தேன், 'எஸ்' எழுத்தில். அகராதியை மறுபடி அடிக்க ஏழு மாதம் ஆயிற்று.

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன். வெள்ளிக்கிழமை முழுப் பிரதி, மற்ற நாள்களில் அன்றன்று மாறியவை மட்டும். அந்தக் கோப்புகளைக் குறுந்தகட்டில் எழுதி, ஒன்று எங்கள் பீரோவில், ஒன்று வேறு தெருவிலிருந்த இன்னொரு அலுவலகத்தில். மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் அதை விரித்துப் பார்ப்பேன். திங்கட்கிழமை காலை என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரின் தேதி, மணியைச் சரி செய்வேன். நெட் இல்லாத மெஷினின் உள் பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். எது புதிய பிரதி, எது பழையது என்றே தெரியாது.

நண்பர் கேட்டதற்கு இப்போது பதில்.

முதலில் உங்கள் விண்டோஸிலேயே பேக்அப் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். வேறு மென்பொருள் வேண்டுமானால், நெட் உள்ள மெஷினில் அதன் முழு நிறுவல் கோப்பை இறக்குங்கள். சில கோப்புகள் சிறியவை, ஓட ஆரம்பித்த பிறகுதான் மீதியை நெட்டில் தேடும். உங்கள் வீட்டில் அவை பாதியில் நிற்கும். உங்கள் மெஷின் 32 பிட்டா 64 பிட்டா என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். நிறுவிய பின் உரிமத்துக்கு நெட் கேட்குமா என்றும் விசாரியுங்கள். பென் டிரைவில் கொண்டுபோகும் முன் வைரஸ் சோதனை செய்யுங்கள்.

பிரதி போகுமிடம் வெளி ஹார்ட் டிஸ்காக இருக்கட்டும், இரண்டாக வாங்குங்கள். எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால் மின்னலோ வைரஸோ இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். மென்பொருள் சுருக்கி வைக்கும் ஒற்றைக் கோப்பை மட்டும் நம்ப வேண்டாம். நான் எக்ஸ்பியில் எடுத்த பேக்அப் கோப்பை விண்டோஸ் 7-ல் திறக்கத் தனியாக ஒரு கருவி இறக்க வேண்டியிருந்தது. பத்து வருடம்கூட ஆகவில்லை. முன்னூறு வருடப் பதிவேட்டை விளக்கு வெளிச்சத்தில் படித்துவிடலாம். ஆகவே போட்டோவையும் பத்திரத்தையும் சாதாரணக் கோப்பாகவும் நகலெடுத்து வையுங்கள்.

என் இரண்டாவது டிஸ்க் முதலில் காரைக்காலில் தங்கை வீட்டில் இருந்தது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது யோசித்தேன். காரைக்காலும் இதே கடற்கரைதானே? சுனாமியிலும் இரண்டு ஊரும் ஒன்றாகத்தானே அடிபட்டன? இப்போது மூன்றாவதாக ஒன்று கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறது. 2014 நவம்பர் மழையில் நம் மேரி கட்டடமே இடிந்து விழுந்ததைப் பார்த்தோமே. கட்டடத்தைப் பழைய உருவிலேயே திருப்பிக் கட்டிவிட்டார்கள். காகிதத்தை அப்படிக் கட்ட முடியாது.

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பேக்அப்பிலிருந்து ஏதாவது ஒரே ஒரு கோப்பை வேறு மெஷினில் திறந்து பாருங்கள். திறந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். திறக்காவிட்டால், அதை இன்றைக்கே தெரிந்துகொண்டது நல்லது. ஆயா யாரும் வாசலில் காத்திருக்கவில்லை.