ஸ்னூக்கரும் உதகமண்டலமும்

பச்சைத் துணி விரித்த மேசையில், வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து மற்றப் பந்துகளைக் குழியில் வீழ்த்தும் விளையாட்டு ஸ்னூக்கர். பில்லியர்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இவ்விளையாட்டு இந்தியாவில் பிறந்தது. இதன் விதிகள் தமிழ்நாட்டின் உதகமண்டலத்தில் வடிவம் பெற்றன.

தோற்றம்

1875-இல் ஜபல்பூரில் இருந்த ஆங்கிலேயப் படை அதிகாரி நெவில் சேம்பர்லேன், அங்கு வழக்கிலிருந்த 'பிளாக் பூல்' ஆட்டத்தில் மேலும் சில நிறப் பந்துகளைச் சேர்த்தார். (பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான நெவில் சேம்பர்லேன் வேறொருவர்.) இங்கிலாந்தின் ஊல்விச் படைப் பயிற்சிக் கழகத்தில் முதலாண்டு மாணவர்களை 'ஸ்னூக்கர்' என்று கேலியாக அழைப்பது வழக்கமாக இருந்தது. எளிய பந்தைத் தவறவிட்ட நண்பரைச் சேம்பர்லேன் அவ்வாறு அழைக்க, அதுவே ஆட்டத்தின் பெயராக நிலைத்தது.

உதகையில் விதிகள்

சென்னை மாகாணப் படைத் தலைவர் பிரெடரிக் ராபர்ட்ஸின்கீழ் பணியாற்றிய சேம்பர்லேன், கோடைதோறும் உதகைக்கு வந்தார். அங்குள்ள ஊட்டி கிளப்பில் ஆட்ட விதிகள் எழுதப்பட்டு, பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன.

உரிமைக் குழப்பம்

ஆட்டம் இங்கிலாந்தில் பரவிய பின், அதை உருவாக்கியவர் யார் என்பதில் குழப்பம் எழுந்தது. 1938-இல், தம் 82ஆம் வயதில், 'தி ஃபீல்டு' இதழுக்குச் சேம்பர்லேன் எழுதிய கடிதம் அதைத் தெளிவுபடுத்தியது.

காணத்தக்க போட்டி

1985-இல் ஷெஃபீல்டு நகரில் நடந்த உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியின் காணொளி இவ்வாட்டத்தைப் புரிந்துகொள்ள ஏற்றது. 0–8 எனப் பின்தங்கிய டென்னிஸ் டெய்லர், ஸ்டீவ் டேவிஸை 18–17 என வென்றார். வெற்றியை முடிவு செய்தது கடைசிக் கறுப்புப் பந்து. ஜபல்பூரின் 'பிளாக் பூல்' ஆட்டத்திலிருந்து வந்த பந்து அது.